செருலாட்டா என்றால் சின்ன ரம்பம்

க்ளெனிஸ் டோல்ஹர்ஸ்ட் புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மத்தியானமே, கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போய், தொட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு செருக உட்கார்ந்துவிட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் தேநீருமாக ஜன்னல் வழியே அவளைப் பார்த்தபடி நின்றார்கள். "பாவம், அவளுக்கு இன்னும் உறைக்கல" என்று குசுகுசுத்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவ்வளவு சாண்ட்விச்சையும் நறுக்கியது நான். வந்தவர்களுக்கு ஒரு தட்டையாவது அவள் நீட்டியிருக்கலாம்.

நான் நோரின். அவர்களுடைய நர்சரியில் குச்சி வெட்டி வேர்பிடிக்க வைக்கிற வேலை எனக்கு. மெல்பர்னுக்குப் பக்கத்தில் எங்கள் மான்பல்க் மலையில் செடி வளர்க்காதவர்கள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார்கள். நான் பஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் கத்தல் தாங்காமல் செடிகளிடம் வந்து சேர்ந்தேன். எனக்குப் பொறுமை என்பது கொஞ்சமும் கிடையாது. அதனால் க்ளெனிஸின் புருஷன் நெவில் எனக்கு 'இம்பேஷன்ஸ்' என்று பெயர் வைத்திருந்தான். காசித்தும்பையின் லத்தீன் பெயர் அது. பொறுமையில்லாதது என்று பொருள். முற்றிய காயைத் தொட்டால் போதும், படாரென்று வெடித்து விதையை மூஞ்சியில் அடிக்கும்.

நெவிலுக்கு லத்தீன் பைத்தியம். செடிகளின் பெயரில் இருக்கிற லத்தீன் மட்டும்தான். மற்ற லத்தீன் அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் வேண்டியிருக்கவில்லை. அவன் நர்சரியில் ஒரு சட்டம் வைத்திருந்தான். யாராவது ஒரு பெயருக்குப் பொருள் கேட்டால் வாயால் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. காட்ட வேண்டும். கேட்டவரின் விரலைப் பிடித்து, அந்தச் சொல் செடியில் எங்கே இருக்கிறதோ அங்கே வைக்க வேண்டும். 'டொமென்டோசா' என்றால் மென்மயிர் அடர்ந்தது. இலையைக் கிள்ளிக் கன்னத்தில் தேய்த்துவிடுவான். 'ஸ்கேப்ரா' என்றால் சொரசொரப்பானது. உள்ளங்கையில் வைத்து இழுப்பான். 'ஃபெட்டிடஸ்' என்றால் நாற்றம் பிடித்தது. கசக்கி மூக்கடியில் நீட்டுவான், அதிலும் மெல்பர்னிலிருந்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நீட்டுவதில் அவனுக்குத் தனி சந்தோஷம்.

ஒரு அம்மாள் 'ஹெலிபோரஸ் நைஜர்' வாங்கிப் போனவள் திரும்பி வந்து, "கறுப்புன்னு பேரை வச்சிட்டு வெள்ளைப் பூவைக் குடுத்து ஏமாத்திட்டீங்களே" என்று சண்டைக்கு நின்றாள். நெவில் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, வேரைக் கழுவி அவள் கையில் வைத்தான். வேர் கறுப்பு. அவள் வாயடைத்துப் போய் இன்னும் இரண்டு செடி வாங்கினாள். இன்னொருத்தி 'மஜாலிஸ்' என்றால் என்ன என்று கேட்டாள். மே மாதத்துப் பூ என்றான். "எங்க வீட்டுல அக்டோபர்லதானே பூத்துது?" என்றாள். பெயர் வைத்தவன் இருந்தது ஐரோப்பாவில். அங்கே வசந்தம் வருகிற மாதம் வேறு, இங்கே வேறு. இதை எப்படிக் காட்டுவது என்று ஒரு நிமிடம் யோசித்தவன், "உலகத்தை இப்படிப் புடிச்சா மே மாசம்தான் மேடம்" என்று தொட்டியைத் தலைகீழாகத் தூக்கிவிட்டான். மண் முழுக்க அவள் செருப்பில் விழுந்தது. க்ளெனிஸ் கொட்டகைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது வெளியே வரை கேட்டது.

சீட்டு அச்சடிப்பதும் செருகுவதும் க்ளெனிஸின் வேலை. அவள் கையிலிருந்து ஒரு தப்பான சீட்டு வெளியே போனதாக யாரும் சொன்னதில்லை. நெவில் மலையில் உள்ள எல்லோருக்கும் லத்தீன் பட்டம் வைத்தான். எதிர்ப்புறம் டூலிப் வயல் வைத்திருக்கிற விம் ஹாஃப்ஸ்ட்ராவுக்கு 'வல்காரிஸ்'. எங்கும் காணக்கிடைக்கிற சாதாரணமானது என்று பொருள். விம் அதை ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து, கோடை முழுக்க எங்கள் பக்கமே வரவில்லை. பெண்டாட்டிக்கு மட்டும் நெவிலுக்கு ஒரு பெயரும் அமையவில்லை. "உனக்கு லத்தீனே கிடையாதுடி" என்பான். "நல்லதாப் போச்சு" என்பாள் அவள்.

அந்தச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வேலிக்கு லில்லி பில்லி வைப்பார்கள். நாவல் மரத்துக்குப் பங்காளி. 'ஸிஸிஜியம்' என்பது அதன் பெயர்; கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த சொல். நுகத்தில் பூட்டிய ஜோடி என்று பொருள், இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வருவதால். ஒரு வருஷம், வேலிச் செடி ஒன்றில் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி துளிர்த்தது. புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி நிறம். நெவில் அந்தக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்து, ஓரம் உடைந்த ஒரு பெரிய தொட்டியில் வளர்த்தான். இப்படித் திடீரென்று வருகிற நிறம் திடீரென்று போயும் விடும். நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதிலிருந்து குச்சி வெட்ட வேண்டும் என்று என் கத்திரியைக் கிட்டவே விடவில்லை. நிலைத்தது. வருஷா வருஷம் நிலைத்தது. உலகத்திலேயே அந்த நிறத்தில் அந்த ஒரு செடிதான் இருந்தது.

பிறகு பெயர்ப் பிரச்சினை வந்தது. புதிதாக உண்டாக்குகிற ரகத்துக்கு லத்தீனில் பெயர் வைக்கக் கூடாது, மனிதர் பேசுகிற பாஷையில்தான் வைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எத்தனையோ வருஷத்து விதி. நெவிலுக்கு அது தெரியும், இருந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வைத்த லத்தீனைச் சொல்லிவிட்டு, தன் செடிக்கு வைக்க முடியவில்லையே என்று. ஒரு நாள் டீ நேரத்தில் குவளையை டொக்கென்று வைத்தான்.

"சரி, உன் பேரையே வச்சிடறேன். க்ளெனிஸ். முடிஞ்சுது."

"வச்சிடு, வச்சிடு. எவனோ ஒருத்தன் அவன் வேலியில என்னை நட்டு, வருஷத்துக்கு ரெண்டு தரம் மெஷின் போட்டு வெட்டட்டும்."

"வெட்டினாத்தான்டி நல்லாத் துளிர்க்கும்."

"நாய் வேற வந்து காலைத் தூக்கும். வேணாம் நெவில். எனக்கு வேணவே வேணாம்."

"நீயாவது சொல்லேன், இம்பேஷன்ஸ்."

"என் பேரைக் கேளு, குடுக்கறேன்" என்றேன். "உனக்கு அவ பேருதானே வேணும்."

அதோடு பேச்சு நின்றது. க்ளெனிஸ் அந்தத் தொட்டிக்கு ஒரு சீட்டு அடித்தாள்: 'ஸிஸிஜியம், செம்புத் துளிர். பெயர் பிறகு.' அந்தக் கோடையில், தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போன நெவில் கமேலியா வரிசைக்கு நடுவில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. குழாய் அது பாட்டுக்கு ஓடி, பாதை முழுக்கச் சேறாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு க்ளெனிஸ் எல்லாம் செய்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், கணக்குப் பார்த்தாள், லாரிக்காரனிடம் பேசினாள். அழவில்லை. நானும் இன்றைக்கு அழுவாள் நாளைக்கு அழுவாள் என்று பார்த்துப் பார்த்து, எனக்கே வெறுத்துவிட்டது. ஒரு நாள் இருவரும் படியில் உட்கார்ந்து, கறி வைத்துச் சுட்ட 'பை' தின்றுகொண்டிருந்தோம். அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு இலையை எடுத்தாள்.

"நோர், இது டொமென்டோசாதானே?"

"ஆமா. ஏன்?"

"கன்னத்துல தேய்ச்சுப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. காகிதம் மாதிரி இருக்கு."

வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருந்தது. அதைச் சொன்னேன். "அப்படியா?" என்றாள். இலையைத் திரும்ப சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தின்றுகொண்டிருந்ததில் மிச்சத்தைத் தின்றாள். சூடு போய் ஆறிப்போன 'பை'. உப்பு உறைப்பு பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

நெவிலின் சட்டத்தையும் விட்டுவிட்டாள். யாராவது பெயருக்குப் பொருள் கேட்டால் சொல்லுவாள். ரயில் நிலையத்தில் அடுத்த வண்டி எப்போது என்று ஒலிபெருக்கி சொல்லுமே, அந்தக் குரலில் சொல்லுவாள். யார் விரலையும் பிடிக்கமாட்டாள். செடியைத் தொடவும் மாட்டாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நெவில் இருந்தபோது கூட்டமாக வந்த தோட்டக்கழகத்துக் கிழங்கள் இப்போது வருவதில்லை. செம்புத் துளிரிலிருந்து குச்சி வெட்டட்டுமா என்று அவளிடம் எத்தனையோ தரம் கேட்டேன். "பார்க்கலாம்" என்பாள். வெட்டினால் ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பேச்சை அவள் எடுக்கமாட்டாள். ஒரு வசந்தம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கியிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அதையடுத்த இலையுதிர் காலத்தில் மஞ்சள் துரு வந்தது. இளம் இலைகளில் மஞ்சள் பொடி தூவியது போலப் படர்கிற நோய். காற்றில் போகும், சட்டையில் ஒட்டிக்கொண்டு போகும். அது பிடிப்பது ஒரே ஒரு குடும்பத்துச் செடிகளைத்தான். ஆனால் அந்தக் குடும்பம் பெரியது. லில்லி பில்லி அதில் உண்டு. எங்கள் மலை முழுக்க, தலையை அண்ணாந்து பார்த்தாலும் உச்சி தெரியாமல் நிற்கிற யூகலிப்டஸ் மரங்களும் அதே குடும்பம்தான். எங்கள் நர்சரியில் இரண்டு தட்டு நாற்றில் பொடி தெரிந்ததும் க்ளெனிஸ்தான் போன் செய்து சொன்னாள். சொன்ன குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அரசு ஆட்கள் வந்து வாசலில் கயிறு கட்டினார்கள். நோய் தெரிகிறதோ இல்லையோ, அந்தக் குடும்பத்துச் செடி எதுவும் மிஞ்சக் கூடாது. கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஆழக்குழியில் புதைக்க வேண்டும் என்றார்கள். தாய்ச் செடிகளும் சேர்த்தி. குச்சி வெட்டி ஒளித்து வைத்தால் அந்தக் குச்சியோடு நோயும் போகும், அது எனக்கே தெரியும்.

செம்புத் துளிர் போகப் போகிறது என்று நான் அந்தத் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன். க்ளெனிஸ் குழி தோண்டுகிறவனுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அரசு ஆள் வந்து ஒவ்வொரு தொட்டியாகச் சோதிப்பதற்கு முதல் நாள் விம் மசாலா பிஸ்கட் டப்பாவோடு வந்தான். அவனுக்கு இந்த நோயால் நஷ்டம் எதுவும் இல்லை. டூலிப்பை அது தொடாது. வாசலில் செருப்பை மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"க்ளெனி, இங்க பாரு. மத்ததெல்லாம் போகட்டும். அது நெவிலோட செடி."

"ம்."

"சீட்டை மாத்து. அவ்வளவுதான். துளிர் செவப்பா இருக்கிற செடி வேற எத்தனையோ இருக்கு. அதுல ஒரு சீட்டைப் புடுங்கி இதுல சொருகு. வர்ற பொண்ணு ஆயிரக்கணக்குல தொட்டி பார்க்கணும், ஒவ்வொரு இலையையுமா நக்கிப் பார்க்கப் போறா?"

"ம்."

"ம்-ன்னா சரிங்கறியா, வேணாங்கறியா?"

"பிஸ்கட் நல்லாருக்கு விம்" என்றாள் க்ளெனிஸ். அவள் பிஸ்கட்டைக் கையில்தான் வைத்திருந்தாள், இன்னும் கடிக்கவில்லை.

விம் என்னைப் பார்த்தான். நான் டப்பாவைப் பார்த்தேன். அவன் சொன்னது நடக்கக்கூடிய காரியம்தான். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இலையைப் பார்க்கும் முன்னால் சீட்டைப் பார்ப்போம். சீட்டைப் பார்த்துவிட்டால் இலையைப் பார்க்கமாட்டோம். பட்டுப்போன குச்சிக்குக்கூட, சீட்டு இருந்தால், அது உயிரோடிருப்பதாக நினைத்து நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றுவோம். வெளியாள் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவனுக்குச் சீட்டு படிக்கத் தெரியாது.

மறுநாள் காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். சோதனைக்கு வந்தவள் டீகன் என்ற சின்னப் பெண். பிரிஸ்பேன்காரி, எங்கள் குளிர் அவளுக்குத் தாங்கவில்லை, மூக்கு சிவந்திருந்தது. கையில் மெல்லிய கையுறை, இடுப்பில் இரண்டு நாடாச் சுருள். புதைக்க வேண்டியதற்குச் சிவப்பு நாடா, விட்டுவிடக் கூடியதற்குப் பச்சை. க்ளெனிஸ் முன்னால் நடந்து பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள், டீகன் சீட்டைச் சரிபார்த்து நாடா கட்டினாள், நான் பின்னால் சிவப்பு கட்டியவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன். நல்ல நல்ல செடிகள். என் கையால் வேர்பிடிக்க வைத்தவை. முதல் வண்டியில் ஒவ்வொரு தொட்டியையும் ஒரு தரம் தடவிவிட்டு வைத்தேன். நாலாவது வண்டிக்கு எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இப்படித்தான் இவளுக்கு இருக்கிறதோ என்று முதல் முறையாக நினைத்தேன்.

நிழல்வலைக் கூடாரத்தின் கடைசி வரிசை ஃபோட்டினியா. துளிர் சிவப்பாக வருகிற வேலிச் செடி; ரோஜாக் குடும்பம், நோய் தொடாது. வரிசையின் முனைக்கு வந்ததும் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டேன். ஃபோட்டினியாக்களுக்கு நடுவில், ஓரம் உடைந்த அந்தப் பெரிய தொட்டி செம்புத் துளிரோடு நின்றது. நேற்று அது கொட்டகை வாசலில் இருந்தது. அதில் இப்போது வேறு சீட்டு. பனியில் வேலிக்குப் பக்கத்தில் விம் நின்றுகொண்டு, நன்றாக இருக்கிற கம்பியை முறுக்கிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். விடிந்ததும் வந்து, தொட்டியைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

க்ளெனிஸ் அந்தத் தொட்டியைக் கடந்து போனாள். முகத்தில் எதுவும் இல்லை.

டீகன் குனிந்து சீட்டைப் படித்தாள். "ஃபோட்டினியா செருலாட்டா. இதுக்குப் பிரச்சினை இல்ல." பச்சை நாடாவைக் கிழித்துத் தண்டில் கட்டினாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. செடி பிழைத்துவிட்டது. விம் கம்பியை விட்டுவிட்டு மூக்கைச் சிந்துவது எனக்குக் கேட்டது.

டீகன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசுகிற பிள்ளை அவள். "எவ்வளவு பேரு, அப்பா! கட்டிட்டே போறேன், பாதிக்கு எனக்கு அர்த்தம்கூடத் தெரியாது. செருலாட்டான்னா என்னங்க?"

"சின்ன ரம்பம்" என்றாள் க்ளெனிஸ், அதே ரயில் நிலையக் குரலில். "சின்னச் சின்ன ரம்பப் பல்."

"ஓ" என்று டீகன் அடுத்த வரிசைக்குத் திரும்பினாள்.

க்ளெனிஸ் நகரவில்லை. இரண்டு அடி முன்னால் போனவள் அப்படியே நின்றாள். அவள் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், வேண்டாம், நடந்துவிடு என்று மனசுக்குள் கத்தினேன்.

"இரும்மா" என்றாள் க்ளெனிஸ். "காட்டறேன்."

திரும்பி வந்து டீகனின் கையைப் பிடித்தாள். நெவில் போன பிறகு அவள் யார் கையையாவது பிடித்து நான் பார்த்தது அப்போதுதான். டீகனின் ஆள்காட்டி விரலை எடுத்து, செம்புத் துளிரின் ஒரு இலையோரத்தில் வைத்து, காம்பிலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்தாள்.

"தெரியுதா?"

"எது?"

"பல்லு."

"இல்லையே. வழுவழுன்னு இருக்கு."

க்ளெனிஸ் டீகனின் கையை விட்டுவிட்டுத் தன் விரலை வைத்தாள். ஒரு ஓரம் முழுக்க இழுத்தாள், பிறகு மறு ஓரம். இன்னொரு இலை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் இழுத்தாள். அவ்வளவு நேரம் ஒரு இலையை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"ஆமா" என்றாள். "பல்லே இல்ல. இது செருலாட்டா இல்லம்மா. சீட்டு தப்பு."

"க்ளெனி!" என்று நான் கத்தினேன். விம் வேலியைத் தாண்டி ஓடி வந்தான்.

டீகன் சட்டென்று இலையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். இலைக்குள் அந்தக் குடும்பத்துக்கே உரிய எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்தன. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நின்றன. சீட்டு இல்லாவிட்டால் கூடாரத்து வாசலிலிருந்தே கண்டுபிடித்திருப்பாள். பாவம், அவள் முகம் சிவந்துவிட்டது. இலைகளைத் திருப்பித் திருப்பி அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாள்.

"துரு இல்ல" என்றாள் மெதுவாக. "இதுல இன்னும் வரல. ஆனா லில்லி பில்லி..."

"தெரியும்" என்றாள் க்ளெனிஸ்.

விம்முக்கு மூச்சு வாங்கியது. "பைத்தியக்காரி! பச்சை கட்டியாச்சு! ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு நிக்க முடியாதா உன்னால? ரெண்டு வருஷமா வாயையே திறக்கல, இன்னிக்கா திறக்கணும்?"

"கேட்டா, விம்" என்றாள் க்ளெனிஸ். "கேட்டா காட்டணும்ல."

விம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் மேலே கையைக் காட்டினாள். பனி கலைந்துகொண்டிருந்தது; அதே குடும்பத்து யூகலிப்டஸ் மரங்களின் பாதி உடம்பு தெரிந்தது. அவன் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

டீகன் பச்சை நாடாவை அவிழ்த்துவிட்டுச் சிவப்பைக் கிழித்தாள். புதைப்பதன் பெயரை நாடாவில் எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"சரியான பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"ஸிஸிஜியம்."

"ரகம்?"

க்ளெனிஸ் தொட்டியின் உடைந்த ஓரத்தைத் தடவினாள். எனக்கு அந்தப் பழைய சீட்டு ஞாபகம் வந்தது. 'பெயர் பிறகு.'

"ரகம் பேரு இல்லீங்களா? இல்லேன்னா இல்லேன்னு போட்டுடறேன்."

"க்ளெனிஸ்" என்றாள் அவள்.

"உங்க பேர் எனக்குத் தெரியும்ங்க. செடி பேரு கேக்கறேன்."

"செடி பேருதான். என் வீட்டுக்காரர் வச்சது. எழுதிக்கோம்மா."

டீகன் எழுதினாள். சிவப்பு நாடாவில் கறுப்பு எழுத்து. தண்டில் கட்டினாள்.

அந்தத் தொட்டியை இரண்டு பேர் தூக்க முடியாது. விம் ஒரு பக்கம், நானும் குழிக்காரனும் ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினோம். க்ளெனிஸே கறுப்புப் பிளாஸ்டிக்கை எடுத்துச் சுற்றினாள். துளிர் ஒடியாமல், பிள்ளைக்குத் துணி சுற்றுவது போல நிதானமாகச் சுற்றினாள். குழிக்குள் இறங்கப் போகிற செடிக்கு இவ்வளவு பதமா என்று எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இறக்கினோம். மேலே மற்றவை விழுந்தன. பிறகு மண் விழுந்தது.

டீகன் வண்டியில் ஏறிப் போன பிறகும் நாங்கள் மூன்று பேரும் குழி ஓரத்தில் நின்றோம். விம்தான் முதலில் பேசினான்.

"ஸாரி க்ளெனி. எனக்கு அந்த லத்தீன் சமாச்சாரம் தெரியாது. கையில கிடைச்ச சீட்டைப் புடுங்கினேன்."

"எனக்குக் காலையிலயே தெரியும்" என்றாள் அவள். "அந்தத் தொட்டி உடைசல் எனக்குத் தெரியாதா? பார்த்துட்டேன். பேசாமப் போயிடலாம்னுதான் இருந்தேன். போயிட்டேன்கூட. அந்தப் பொண்ணு ஏன் கேட்டா?"

விம் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு வேற சீட்டே கிடைக்கலியா? பக்கத்துலயே கிளாப்ரா இருந்துதே."

"கிளாப்ரான்னா?"

"மயிரில்லாத மழமழப்பு. ஃபோட்டினியா கிளாப்ரா. அதைச் சொருகியிருந்தா, இந்தா பாரு மழமழன்னு இருக்குன்னு தொட்டுக் காட்டிட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேனே. எத்தனை சீட்டு இருந்துது! அதுல போய் ரம்பத்தைப் புடுங்கியிருக்கியே, வல்காரிஸ்!"

விம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். க்ளெனிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். தொட்டி கவிழ்ந்து மண் கொட்டிய அன்று சிரித்த அதே சிரிப்பு. எனக்கு அடையாளம் தெரிந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் சிரிக்கவில்லை என்று புரிந்தது. குழி ஓரத்துச் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்து, "அவன் வச்சான் நோர், நான்தான் வேணாம்னேன்" என்று அழுதாள். அடக்கத்தன்று அழ வேண்டிய அழுகை முழுக்க அன்றைக்கு வந்தது. விம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். எனக்கு இதெல்லாம் வராது. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். அழுது ஓய்ந்த பிறகு அவள் என் கையைத் திருப்பி, உள்ளங்கையில் கட்டைவிரலால் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு தரம் தேய்த்தாள்.

"உன் கை எவ்வளவு சொரசொரன்னு இருக்கு, நோர்" என்றாள்.